தோலோடு அரைக்கிலோ றெக்கை

மைசூர், காந்திநகர்
6 ஜனவரி 2025

மகேஸ்வரிக்கு உன் அண்ணன் பெண்டாட்டி, உன் நங்கையா பஞ்சவர்ணம் எழுதுவது.

நீ சௌக்கியமா என்று முதல் வரியில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். பதினோரு வருஷமாகக் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். உன் அண்ணன் மல்லப்பனுடைய பதினாறாம் நாள் காரியத்தில், பந்தலில் எல்லார் முன்னாலும் உன்னை நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது தெரிந்து மேலே படி.

போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டதாம். வாட்ஸப்பில் எழுத எனக்கு வராது. மருமகள் சைத்ராவைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். அதனால் கடிதம்.

மார்கழி இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பால் வைத்தேன். காய்ந்ததும் அணைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். நான் வருவதற்குள், பால் பொங்கி அடுப்பு அணைந்துபோய் கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாடை அடித்து, ஓடிவந்து சிலிண்டரை மூடினார்களாம். நான் குமிழைத் திருகிவிட்டுத்தான் போனேன். என் விரலுக்குத் தெரியும். இங்கே ஒருத்தரும் நம்பவில்லை.

"அம்மா, உனக்கு மறதி வந்துருச்சு. வயசானா யாருக்குத்தான் வராது? ஒத்துக்கோ" என்கிறான் ஜெயகிருஷ்ணன்.

"யாருக்குடா மறதி? உனக்கு மொதப் பல்லு விழுந்த கிழமை சொல்லட்டுமா?" என்றேன்.

"பல்லு விழுந்தது எதுக்கும்மா? கேஸ் அணைச்சியா, அதைச் சொல்லு."

அன்றிலிருந்து சைத்ரா ஆபீஸில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மார்ச் மாதத்திலிருந்து அது கிடையாதாம். பகலில் என்னைத் தனியாக விட இவர்களுக்குப் பயம். நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். தோட்டம் இருக்கிறதாம், நர்ஸ் இருக்கிறாளாம். மாசி பிறப்பதற்குள் அங்கே பதில் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஞாயிறு தவறாமல் இவர்கள் போன் போட்டு அட்டைப் பெட்டியில் கோழி றெக்கை வரவழைத்துத் தின்கிறார்கள். "இது என்ன பெரிய வித்தை? உங்க மெஷின்லயே நான் தனியாப் பண்ணிக் காட்டறேன். கடைக்குப் போறதுலேருந்து பாத்திரம் கழுவற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம். சரியா வந்துச்சுன்னா என்னை வீட்டுல விடணும்" என்று சொல்லிவிட்டேன். ஜெயகிருஷ்ணன் யோசித்து, பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டான்.

மெஷின் என்றால் ஏர் ஃப்ரையர். உனக்கு இருதயத்தில் ஆபரேஷன் ஆனபிறகு எண்ணெய் கூடாது என்று உன் மகன் அதேபோல ஒன்று வாங்கிக் கொடுத்தானாம். நீ அதில் எல்லாம் பொரிக்கிறாயாம். நேற்று நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். சின்ன வெங்காயம், தேங்காய், மிளகு அரைத்து, வறுவலுக்குப் போடுவதுபோல கெட்டியாகப் பூசி வைத்தேன். தேங்காய் கரியாகிப் புகை வந்தது. உள்ளே பச்சை இரத்தம். சைத்ரா ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எப்படிச் செய்வது என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பஞ்சவர்ணம்

*

ஹனூர்
11 ஜனவரி 2025

நங்கையாவுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் வாசலில் நின்று வாயை வாயை அசைத்தார். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கவரின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் காட்டினார்: 'யாரு பாட்டி லெட்டர் போடறது? கோர்ட்டா?' கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

பந்தலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இங்கே பத்திரமாகத்தான் இருக்கிறது.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றதால் சமையலை மட்டும் எழுதுகிறேன். அந்த மெஷின் அடுப்பு இல்லை, நங்கையா. பெட்டிக்குள் அடிக்கிற ஆடிக் காற்று, அவ்வளவுதான், சூடான காற்று. ஈரமாக எது பூசினாலும் அந்தக் காற்று மேலே இருப்பதைக் கருக்கும், உள்ளே எட்டாது. அரைத்த மசாலா கூடவே கூடாது. தேங்காயைக் கண்ணில் காட்டாதீர்கள். றெக்கையைக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், மிளகுத்தூள், உப்பு. எல்லாம் பொடிதான். ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், தட்டில் ஒரே வரிசையாக வையுங்கள். அரைக்கிலோவை இரண்டு தடவையாகப் போடுங்கள். ஒரே தடவையில் திணித்தால் அவிந்துபோகும். பாதி நேரத்தில் திருப்பிவிடுங்கள்.

நானும் முதல் தடவை வெங்காயம் அரைத்துத்தான் ஊற்றினேன். புகையைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

நீங்கள் கேட்டது முடிந்தது. கேட்காதது ஒன்றே ஒன்று: ஜெயகிருஷ்ணனுக்கு உங்கள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. சின்ன வயசில் நீங்கள் கிணற்றுக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவான். பயத்தில்தான் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறான்.

மகேஸ்வரி

*

மைசூர்
19 ஜனவரி 2025

மகேஸ்வரிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். விளங்கவில்லை.

வியாழக்கிழமை சைத்ரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். நான் பசவராஜ் கடைக்குப் போய் அரைக்கிலோ றெக்கை கேட்டேன். அவனுக்கு என்னைப் பத்து வருஷமாகத் தெரியும்.

"அஜ்ஜிக்கு நீட்டா கிளீன் பண்ணிக் கொடுக்கறேன். வெய்ட் மாடி, நில்லுங்க பாட்டி" என்றான். ஒவ்வொரு றெக்கையாக எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவது போலத் தோலை உரித்துப் போட்டான். கை வேகம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து துடைத்து, பொடி போட்டு, ஒரே வரிசையாக வைத்தேன். வெளியே எடுத்தால் சுள்ளி. காய்ந்த முருங்கைக்காயைக் கடிப்பது போல இருந்தது. மொறுமொறுப்பு என்பது பேருக்கு இல்லை. பையில் கட்டி, சைத்ரா வெளியே வருவதற்குள் தெருமுனையில் குப்பை வண்டியில் போட்டேன். மிச்சம் மூன்று ஞாயிறுதான்.

நீ சரியாகத்தான் எழுதினாயா, இல்லை எதையாவது விட்டுவிட்டு எழுதினாயா என்று ஒரு சந்தேகம் எனக்கு. சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு என்ன நாள் தெரியுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, தை முதல் ஞாயிறு, முனியப்பன் பூசை. இன்றோடு சரியாக ஐம்பது வருஷம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் நோம்பி. பதினோரு கோழி அறுத்தார்கள். உன் அப்பாவுக்கு ஈரல். உன் சித்தப்பன் மருமகனுக்கு இரண்டு தொடை. உன் சித்தப்பன் மகளுக்குக்கூட நெஞ்சுக்கறி. நான் புதுப்பெண், கடைசிப் பந்தியில் கடைசி இலை. குனிந்த தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கை வந்து என் இலையில் ஒரு கழுத்தும் இரண்டு றெக்கையும் வைத்தது. பச்சைக் கண்ணாடி வளையல், ஆறு. வைத்துவிட்டு, குண்டானில் கறி இருக்கும்போதே கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உன் கை. உன் வளையல். இதைத்தான் பந்தலில் சொன்னேன்.

சாணி மெழுகின தரையில் எந்த இடத்தில் வெடிப்பு இருந்தது என்றுகூடச் சொல்வேன். இப்படி ஞாபகம் உள்ளவளுக்குத்தான் மறதி என்று மருந்துச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் றெக்கையைத் தின்றதில்லை. இப்போது அதே றெக்கையை ஆக்கிக் காட்டினால்தான் என் வீட்டில் நான் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. நீ எதை விட்டாய்? எழுது.

பஞ்சவர்ணம்

*

ஹனூர்
25 ஜனவரி 2025

நங்கையாவுக்கு,

விட்டது உண்மைதான். வேண்டுமென்று விடவில்லை. தோல்!

தோலை உரித்தால் எதில் மொறுமொறுப்பு வரும்? தோலில் உள்ள கொழுப்புதான் உருகி மேலே பொரிய வேண்டும். இங்கே நாட்டுக்கோழி, மயிரைப் பிடுங்கி, மஞ்சள் பூசி, தீயில் வாட்டித் தோலோடுதான் வரும். உரிக்கிற வழக்கமே கிடையாது. அதனால் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பசவராஜிடம் தோலோடு வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு. முந்தின நாளே உப்பும், அரைக்கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் பிசறி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்புக்கண்டம் போடும்போது கறியைக் காயவிடுவோமே, அதுபோலத் தோல் வறண்டு கிடக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, ஆப்பசோடா வேறு. ஆப்பசோடாவைப் போட்டால் சோப்பைக் கடித்த மாதிரி இருக்கும், நான் கடித்திருக்கிறேன். மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் மறுநாள் போடுகிற நேரத்தில் போதும்.

சமையல் முடிந்தது. இனி எழுதுவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அன்றைக்கு உங்களுக்குப் பரிமாறியது நான் இல்லை, நங்கையா. நான் வீட்டுக்குள்ளேயே இல்லை. பூசைக்கு முந்தின நாள் நான் தூரமாகிவிட்டேன். முனியப்பனுக்கு ஆகாது என்று என்னை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அங்கேதான். குண்டானைத் தொட என்னை யார் விட்டிருப்பார்கள்?

அந்தக் கார்த்திகையில் அம்மாவும் நானும் மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். அங்கே ஒரே கடையில் ஆளுக்கு ஆறு பச்சை வளையல் போட்டுக்கொண்டோம். நீங்கள் தலை நிமிரவில்லை, வளையலைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது அம்மாவின் கை.

பந்தலில் நீங்கள் என்னைச் சொன்னபோதே எனக்குத் தெரியும். அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்து அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. பழி என்மேலேயே கிடக்கட்டும் என்று வந்துவிட்டேன். ஆனால் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தது நீங்கள்தான். வாழை இலையை மடித்து எடுத்துவந்து, கொட்டகை வாசலில் வைத்தீர்கள். அதில் ஒரு றெக்கை இருந்தது. உங்கள் இலையிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். எனக்கென்று யாரும் கறி எடுத்துவைக்கவில்லை.

மகேஸ்வரி

*

மைசூர்
1 பிப்ரவரி 2025

மகேஸ்வரி,

பொய். ஐம்பது வருஷம் கழித்து, கேள்வி கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்து, செத்துப்போன உன் அம்மாமேல் தூக்கிப் போடுகிறாய். நான் கொட்டகைக்கு வரவும் இல்லை, உனக்குச் சோறு வைக்கவும் இல்லை. வைத்திருந்தால் எனக்குத் தெரியாதா?

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? அந்த நாள் எனக்குத் தப்பு என்றால், குமிழைத் திருகியதும் தப்பு. அப்புறம் ஜெயகிருஷ்ணன் பையைக் கட்டி நஞ்சன்கூடு ரோட்டில் இறக்கிவிட வேண்டியதுதான். நான் அங்கே போய் நர்ஸ் கொடுக்கிற மாத்திரையை விழுங்கிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுதானே உனக்கு வேண்டும்?

தோல் விஷயம் சரி. மற்றது வேண்டாம். இனி எழுதாதே.

பஞ்சவர்ணம்

*

ஹனூர்
5 பிப்ரவரி 2025

நங்கையாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். நேரமும் சூடும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. அதனால் இது மட்டும்.

சனிக்கிழமை மதியம்: உப்பு, பேக்கிங் பவுடர். மூடாமல் ஃப்ரிட்ஜ்.
ஞாயிறு: வெறும் மெஷினை ஐந்து நிமிஷம் காயவிடவும்.
நூற்று எண்பதில் பத்து நிமிஷம். திருப்பவும். மறுபடி பத்து நிமிஷம்.
இருநூறில் ஆறு நிமிஷம். பக்கத்திலேயே நிற்கவும்.
எடுத்தபின் எலுமிச்சை. மூடிவைக்கக் கூடாது.

இதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு மறந்துபோகும் என்று எழுதியதில்லை. என் மெஷினில் ஒட்டியிருந்த தாளை உரித்துத்தான் அனுப்பியிருக்கிறேன். மூலையில் மாவு ஒட்டியிருக்கும். இது இல்லாமல் எனக்குச் சமைக்க வராது. கேஸுக்கு ஒரு தாள், மாத்திரைக்கு ஒரு தாள், மோட்டாருக்கு ஒரு தாள். என் வீட்டுச் சுவரைப் பார்த்தால் தேர்தல் நேரம் மாதிரி இருக்கும். முதல் தாளை ஒட்டிய அன்றைக்கு அழுதேன். இரண்டாவதுக்கு அழவில்லை.

நான் புதிதாக ஒன்று எழுதிக்கொள்கிறேன்.

மகேஸ்வரி

*

மைசூர்
12 பிப்ரவரி 2025

மகேஸ்வரிக்கு,

உன் கவர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. நேராகப் பசவராஜ் கடைக்குப் போனேன்.

"தோலோட அரைக்கிலோ. கத்தியைக் கீழே வை" என்றேன்.

"அய்யோ அஜ்ஜி, எல்லாரும் ஸ்கின்னு பேடா, வேண்டாம்னு ஓடறாங்க. கொலஸ்ட்ராலு!"

"எனக்கு எழுபத்தொண்ணு. கொலஸ்ட்ரால் வந்து என்னத்தப் புடுங்கப் போகுது? போடு."

ஞாயிறு காலை சொன்னபடி இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்துகொண்டார்கள். டிவி ஓடியது, ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் தாளை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஒட்டலாமா கூடாதா என்று கொஞ்சம் நின்றேன், அப்புறம் ஒட்டினேன்.

முதல் பத்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போது அந்த நாளை எடுத்துப் பார்த்தேன். தரை வெடிப்பு இருந்தது. இலை இருந்தது. கழுத்தும் இரண்டு றெக்கையும் இருந்தன. கை வந்தது, வளையல் வந்தது. வளையலிலிருந்து மேலே போய் முகத்தைப் பார்க்கலாம் என்று பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, மகேஸ்வரி. முழங்கைக்கு மேலே நான் பார்க்கவே இல்லை. உன் முகத்தை நானேதான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்கு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. வராததால் நடக்கவில்லை என்று அடித்துச் சொல்லவும் இப்போது வாய் வரவில்லை.

திருப்பிப் போட்டேன். இரண்டாவது பத்து நிமிஷத்தில், பால் வைத்த அன்றைக்கு அடுப்புக் குமிழைத் திருகினேனா என்று ஞாபகத்தில் தேடினேன். திருகின விரல் இருக்கிறது. ஆனால் எந்த நாள் திருகின விரல் என்று தெரியவில்லை. தினமும் திருகுகிற விரல்தானே?

றெக்கை வந்தது. மணி அடித்ததும் தட்டை வெளியே இழுத்தேன். தோல் முழுக்கப் பொன்னிறமாகி, கரண்டியால் தட்டினால் அப்பளம் போலச் சத்தம். மீதிப் பாதியையும் அதேபோலப் போட்டு எடுத்து, எலுமிச்சை பிழிந்து, மூடாமல், இரண்டு தட்டில் கொண்டுபோய் வைத்தேன். ஜெயகிருஷ்ணன் நாலு தின்றான். கடிக்கிற சத்தத்தில் டிவி கேட்கவில்லை. சைத்ரா விரலைச் சப்பினாள், பி.காம் படித்தவள். நான் தின்னவில்லை. அது வேறு விஷயம்.

"கெலிச்சிட்டம்மா. கடையில இப்படி வராது. நான் இல்லத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான் ஜெயகிருஷ்ணன்.

அப்படியே விட்டிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தேன். தட்டை மறுபடி கீழே வைத்தேன்.

"அன்னிக்குக் கேஸை நான் அணைக்கல போல இருக்குடா" என்றேன்.

இரண்டு பேரும் வாயில் இருந்ததை மெல்லாமல் பார்த்தார்கள்.

"திருகினேன்னு அடிச்சுச் சொன்னேன். திருகினது ஞாபகம் இல்ல. மாடியில துணி எடுத்தது ஞாபகம் இருக்கு. நீல டவலு கீழே விழுந்தது ஞாபகம் இருக்கு. இது இல்ல. இதைக் கேட்டுட்டு நீ அந்த எடத்துக்குப் போன் பண்ணறதா இருந்தாலும் பண்ணு."

ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சைத்ராதான் பேசினாள்.

"கொத்து அத்தே, தெரியும். அது எங்களுக்கு முன்னாடியே தெரியும். மறந்ததுக்கு நாங்க பயப்படல. எனக்கே பாலு ரெண்டு தடவ பொங்கியிருக்கு. மறக்கவே இல்லன்னு நீங்க சண்டை போட்டீங்களே, அதுக்குத்தான் பயம். மறந்துட்டேன்னு சொல்றவங்கள வீட்ல விட்டுட்டுப் போலாம். நாளைக்கு வாடை அடிச்சாலும் நான் அணைச்சாச்சுன்னு உக்காந்திருக்கறவங்கள எப்படி விட்டுட்டுப் போறது?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இல்லத்துக்கு அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இவர்கள் ஆபீஸ் போகும்போது சிலிண்டரை மூடிவிட்டுப் போவார்கள். பகலில் எனக்கு மெஷின் மட்டும். நானும் சரி என்றேன். டீக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பிளாஸ்க் என்கிறாள் சைத்ரா. பிளாஸ்க் டீ மனிதர் குடிப்பதா? அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

இனி உன் விஷயம். பந்தலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முழுவதையும் இல்லை. காரியத்துக்கு உன் மகன் தாமதமாக வந்தது பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது. மற்றதை எடுத்துக்கொண்டேன்.

நியாயப்படி அந்தக் கோபத்தை உன் அம்மா பேருக்கு மாற்ற வேண்டும். உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஆறு மாதம் நான்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஐம்பது வருஷம் வைத்திருந்ததை இப்போது எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் கை வெறுமையாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

கொட்டகை வாசலில் இலையை வைத்துவிட்டு உடனே போய்விட்டேனா, நின்றேனா? ஏதாவது பேசினேனா? அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தேன்? என்னிடம் அந்த நாள் பாதிதான் இருக்கிறது, மகேஸ்வரி. மீதி உன்னிடம் இருக்கிறது. ஒன்று விடாமல் எழுது.

பஞ்சவர்ணம்